கயிறும் அச்சமும்: கண்டி நகர நாய்கள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

மகாவம்சம் கூறும் விசயன் கதையில் ஒரு பெண் நாய் இடம்பெறுகின்றது. கடல் கடந்து வந்து களைத்திருந்த விசயனின் தோழர் முன் இயக்கி ஒருத்தி நாய் வடிவில் தோன்றினாள் என்றும், ஊர் உள்ள இடத்திலேயே நாய் இருக்கும் என்று கருதி ஒருவன் அதனைப் பின்தொடர்ந்தான் என்றும் அக்கதை செல்கின்றது. கதையின் வரலாற்றுண்மை எவ்வாறாயினும், அதனைச் சொன்னோர் மனத்திலிருந்த ஓர் எண்ணம் நமக்குத் தெளிவாகப் புலனாகின்றது. நாய் ஊரின் அடையாளம். நாயைக் கண்டால் மனிதர் அண்மையில் உளர் என்று பொருள். அவ்வாறாயின், ஊருக்கே அடையாளமான விலங்கு அவ்வூரின் தெருவிலேயே வாலை ஒடுக்கி நடுங்கி நிற்கும் நிலை எவ்வாறு உண்டாயிற்று? அவ்வச்சத்தைப் போக்கி அதனைத் தெருவில் நடத்திச் செல்லும் வழி யாது? கண்டி நகரையும் அதன் சூழலையும் களமாகக் கொண்டு இவ்விரு வினாக்களையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதனைச் சிறு பொருள் என்று கருதுவோர் உளர். அரசுகளின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் பேசும் வரலாற்றில் ஒரு நாயின் நடுக்கத்துக்கு இடமுண்டோ என அவர்கள் வினவலாம். விசர்நாய்க்கடி நோயின் வரலாற்றை அறிந்தோர் அவ்வாறு வினவார். இலங்கையில் 1973 ஆம் ஆண்டில் மாத்திரம் 377 பேர் அந்நோயினால் இறந்தனர். நோயின் அறிகுறிகள் தோன்றிய பின்னர் பிழைத்தோர் உலகெங்கும் மிக அரியர். அந்நோய்க்கும் நாயின் அச்சத்துக்கும் உள்ள தொடர்பு இக்கட்டுரையின் இறுதியில் விளக்கப்படும். அதற்குமுன் நாய் குறித்து நமது மரபும் சட்டமும் விஞ்ஞானமும் கொண்டிருந்த நோக்கினை ஒவ்வொன்றாக ஆராய்தல் வேண்டும்.

தமிழர் மரபில் நாய்க்குக் கிடைத்த இடம் இழிவானதன்று. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரிலுள்ள நடுகல், ஏழாம் நூற்றாண்டில், மகேந்திரவர்ம பல்லவனின் ஆட்சிக்காலத்தில் எடுக்கப்பட்டதாகும். கால்நடைகளைக் காத்து உயிர்நீத்த வீரனோடு, கள்வர் இருவரைக் கடித்து நின்ற கோவிவன் என்னும் அவனது நாயும் அக்கல்லிற் குறிக்கப்பட்டுள்ளது. ஒரு நாயின் பெயரைக் கல்லிற் பொறித்து வைத்த சமுதாயம் அதன் வீரத்தை மதித்த சமுதாயம் என்பதில் ஐயமில்லை. நாலடியாரும் நட்பாராய்தலில் யானையையும் நாயையும் ஒப்பிடுகின்றது. நெடுநாட் பழகிய பாகனையே யானை கொல்லக்கூடும். எறிந்த வேல் தன் உடலில் தைத்து நிற்கவும் நாய் வாலைக் குழைக்கும். எனவே நாயனையார் நட்பே கொள்ளத்தக்கது என்பது அதன் கருத்து.

இவ்விரு சான்றுகளும் போற்றுவன நாயின் வீரமும் நன்றியுமே. வேல் தைத்த அந்நாய்க்கு மறுநாள் அவன் கையை உயர்த்தியபோது என்ன உணர்வு தோன்றியிருக்கும் என்பதை ஆராய அவை முற்படவில்லை. அவற்றின் நோக்கமும் அதுவன்று. ஆயினும் நாயின் நன்றியுணர்வு எதனையும் தாங்கும் என்ற நம்பிக்கை நம்மிடையே இன்றும் நிலவுகின்றது. அடித்துத் துரத்தினாலும் நாய் திரும்பி வரும் என்பர். அது திரும்பி வருவது உண்மையே. அஞ்சாமல் வருகின்றது என்பது மாத்திரம் அதனாற் பெறப்படாது.

இனிக் கண்டிக்கு வருவோம். 1660 இற் பிடிபட்டு, 1679 இல் தப்பிச் செல்லும்வரை கண்டி இராச்சியத்தில் வாழ்ந்த ஆங்கிலேயரான றொபேட் நொக்ஸ், 1681 இல் இலண்டனில் வெளியிட்ட தமது நூலில் அந்நாட்டு விலங்குகளை வரிசைப்படுத்துமிடத்து நாயையும் சேர்த்துள்ளார். இந்நாட்டுக் கிராமங்களில் நாய் பொதுவாகக் கட்டின்றியே வாழ்ந்து வந்தது. ஒரு வீட்டின் எச்சிற் சோற்றை உண்டு, அவ்வீட்டு வாயிலிற் படுத்து, ஊர் முழுவதையும் தன் உலகாகக் கொண்டு திரிந்த நாய்க்குக் கயிறு தேவைப்படவில்லை. விருப்பம்போல் விலகிச் செல்லும் உரிமையே அதன் அச்சத்துக்கு மருந்தாயிருந்தது. பிடிக்காத மனிதன் வந்தால் ஒதுங்கும். பேரொலி கேட்டால் ஓடும். பின்னர் தானாகவே திரும்பும்.

கண்டி 1815 இல் பிரித்தானியர் வசமான பின்னர் மலைநாட்டுக்கு வேறு வகை நாய்களும் வேறு வகைப் பழக்கங்களும் வந்து சேர்ந்தன. 1848 இல் நுவரெலியாவிற் குடியேறிய சாமுவேல் பேக்கர் வேட்டைநாய்க் கூட்டமொன்றை வைத்து மரைகளை வேட்டையாடினார். இலங்கையில் துப்பாக்கியும் வேட்டைநாயும் கொண்டு தாம் நடத்திய வேட்டைகள் பற்றிய அவரது நூல் 1854 அளவில் வெளிவந்தது. கோப்பித் தோட்டங்களும் அவற்றின்பின் தேயிலைத் தோட்டங்களும் பெருகியபோது துரைமாரின் பங்களாக்களிற் கழுத்துப்பட்டியும் பெயரும் கொண்ட நாய்கள் வளர்ந்தன. மாலையில் நாயைக் கயிற்றிற் பிடித்து உலாவச் செல்லும் வழக்கம் அப்பங்களாக்களோடு இணைந்த ஒன்றாகும். லயன்களின் வாயிலிற் கிடந்த நாய்க்கோ அவ்வழக்கம் எட்டவில்லை. இவ்வாறு பட்டி அணிந்த நாய், பட்டி அணியாத நாய் என்னும் பாகுபாடு மலைநாட்டில் வேரூன்றியது.

இப்பாகுபாட்டுக்குச் சட்டமும் வலுவூட்டியது. கண்டி மாநகர சபைக்கு அடிகோலிய கட்டளைச் சட்டம் 1865 இல் இயற்றப்பட்டது. அதன்பின் 1893 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க விசர்நோய்க் கட்டளைச் சட்டமும், 1901 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்க நாய்கள் பதிவுக் கட்டளைச் சட்டமும் வந்தன. உடையவன் பெயர் ஏட்டில் ஏறிய நாய் காக்கப்பட்டது. ஏறாதது கட்டாக்காலி எனப்பட்டுப் பிடித்து அழிக்கப்பட்டது. 1907 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க மிருகவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டம் கொடுமைக்கு விதித்த உச்சத் தண்டம் நூறு ரூபா ஆகும். இச்சட்டங்களை இயற்றியோரைக் குறைகூறுவது எளிது. ஆயின் விசர்நாய்க்கடிக்கு ஆளான பிள்ளையின் மரணத்தை ஒருமுறை கண்ட ஊர், தெருநாயைக் கண்டு அஞ்சியதில் வியப்பில்லை என்பதையும் நாம் மறத்தலாகாது. மனிதனின் அச்சத்துக்குச் சட்டத்தில் இடம் கிடைத்தது. நாயின் அச்சம் அதற்குப் புலப்படவில்லை.

இவ்விடத்திற் கயிற்றின் வரலாறு நமது ஆய்வுக்கு முக்கியமாகின்றது. பங்களா நாய்க்குக் கயிறு உலாவின் முன்னறிவிப்பு. தெருநாய்க்கோ அது கழுத்தை இறுக்கும் சுருக்கு. அந்நாய்கள் மனிதன் கையிற் கயிற்றைக் கண்டதெல்லாம் பெரும்பாலும் பிடிபடும் வேளையிலேயே. தப்பிப் பிழைத்தவை கயிற்றையும் அதனை ஏந்தியவனையும் கண்டு ஓடக் கற்றன. பிடித்துக் கொல்லும் இம்முறை 2006 இற் கொல்லாமைக் கொள்கை அறிவிக்கப்படும்வரை நடைமுறையில் இருந்தது. அதன்பின் தடுப்பூசியும் கருத்தடைச் சத்திரசிகிச்சையும் அரசின் முதன்மை வழிகளாயின. கொள்கையை ஒரு நாளில் மாற்றலாம். தெருவிற் பிறந்து, துரத்தப்பட்டு, பின்னர் இரக்கமுள்ள ஒருவரால் வீட்டுக்குக் கொண்டுவரப்பட்ட நாயின் மனத்தில் கயிற்றின் பொருளை மாற்றுவதற்கு நெடுநாள் வேண்டும்.

அதனை மாற்றும் வழியை ஆராய்ந்த விஞ்ஞானத்தின் வரலாறும் நீண்டதே. நாயைப் பழக்குதல் என்பது நெடுங்காலம் அடக்கி ஆளுதல் என்றே கொள்ளப்பட்டது. 1910 இல் ஜேர்மனியரான கொன்ராட் மோஸ்ற் வெளியிட்ட பொலிஸ் நாய்ப் பயிற்சி நூலில் வற்புறுத்தலுக்குப் பெரிய இடம் இருந்தது. அந்நூல் பிற்காலப் பயிற்சி முறைகள் பலவற்றிற் செல்வாக்குச் செலுத்தியது. நமது நாட்டிலும் 1948 இல் தொடங்கப்பெற்ற பொலிஸ் நாய்ப் பிரிவு கண்டி அஸ்கிரியவைத் தலைமையிடமாகக் கொண்டுள்ளது. ஆயினும் அத்தகைய பணிக்குத் துணிவுள்ள நாய்களே தெரிந்தெடுக்கப்படும். அஞ்சும் நாயை என்செய்வது என்ற வினாவுக்கு விடை வேறிடத்திலிருந்து வந்தது.

1924 செப்ரெம்பர் 23 ஆம் நாள் லெனின்கிராட் நகரில் நெவா நதி பெருக்கெடுத்தது. இவான் பாவ்லோவின் ஆய்வுகூட நாய்க்கூடுகளுள் வெள்ளம் புகுந்து, நாய்கள் நீந்தியே உயிர் தப்பின. பின்னர் ஆய்வு தொடங்கியபோது, அவற்றுட் சில முன்பு நன்கு கற்றிருந்த நிபந்தனைத் தெறிவினைகளை இழந்திருந்தமை தெரியவந்தது. சில நாட்களின்பின் அவை மீண்டனவாயினும், கதவின் கீழாகச் சிறிது நீர் கசிந்து வரச் செய்தபோது பழைய அச்சம் மீண்டும் தலைதூக்கிற்று. நமக்கு இங்கே குறிப்பிடத்தக்க செய்தி ஒன்றுண்டு. அறையில் தனித்திருந்தபோது தடுமாறிய நாய், பழகிய ஆய்வாளர் உடனிருந்தபோது தன் இயல்பை மீளப் பெற்றது. நம்பிக்கைக்குரிய ஒருவரின் அண்மை அச்சத்தைத் தணிக்கும் என்பதற்கு இது சான்றாகும்.

அதே 1924 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மேரி கவர் ஜோன்ஸ் என்னும் பெண்மணி, முயலைக் கண்டு அஞ்சிய பீற்றர் என்ற சிறுவனைப் பற்றிய தமது ஆய்வை வெளியிட்டார். சிறுவன் விரும்பிய உணவை உண்டுகொண்டிருக்கையில் முயல் தொலைவில் வைக்கப்பட்டது; அவன் அமைதியாயிருக்கும் அளவறிந்து நாளுக்கு நாள் அது அண்மைக்குக் கொண்டுவரப்பட்டது. ஈற்றில் அவன் அம்முயலைத் தடவி விளையாடினான். தென்னாபிரிக்க மருத்துவரான ஜோசப் வோல்ப்பே பூனைகளைக் கொண்டு இதனை மேலும் ஆராய்ந்தார். அச்சம் உண்டான அறையில் உண்ண மறுத்த பூனை, அதனோடு சிறிதளவே ஒத்த வேறோர் அறையில் உண்டது. படிப்படியாக ஒப்புமை மிகுந்த அறைகளில் உணவளித்துவர, முதலறையிலும் அச்சமின்றி உண்ணலாயிற்று. 1958 இல் வெளிவந்த அவரது நூல் மனிதரின் அச்சநோய்களுக்கான சிகிச்சை முறையொன்றுக்கு வழிவகுத்தது. தொலைவு, படிமுறை, இனிய ஒன்றின் இணைப்பு என்னும் மூன்றுமே இம்முறையின் சாரம் எனலாம்.

அச்சம் உருவாகும் பருவம் பற்றிய ஆய்வும் இங்கு நோக்கற்பாலது. அமெரிக்காவின் மெயின் மாநிலத்துப் பார் ஹாபரில் ஸ்கொட், புல்லர் ஆகியோர் நெடுங்காலம் நடத்திய ஆய்வுகள் 1965 இல் நூலாக வெளிவந்தன. அதே நிலையத்தில் நடைபெற்று 1961 இல் வெளியான ஆய்வொன்றில், பதினான்கு வாரம் வரை மனிதத் தொடர்பின்றி வளர்ந்த குட்டிகள் பின்னர் மனிதரை அணுக அஞ்சின. ஏறத்தாழ மூன்றாம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம் வரையான காலமே குட்டி உலகத்தோடு உறவுகொள்ளும் காலம் என்பது இவ்வாய்வுகளாற் பெறப்பட்டது. மதகின் கீழும் கடைகளின் பின்புறத்திலும் ஒளிந்து வளரும் நமது தெருக் குட்டிகள் பல அக்காலத்திற் காண்பது மனிதரின் கல்லையும் காலையும் மாத்திரமே. அவற்றின் பிற்கால அச்சத்தைப் பிறவிக் குணம் என்று ஒதுக்குவது பொருந்தாது.

மற்றோர் ஆய்வு நமக்கு எச்சரிக்கையாக அமைகின்றது. 1967 இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் செலிக்மன், மையர் ஆகியோர், தவிர்க்கவியலாத மின்னதிர்ச்சிக்கு உள்ளான நாய்களுட் பல, பின்னர் தப்பும் வழி இருந்தும் முயலாது படுத்துக் கிடந்தமையைக் கண்டனர். கொடுமையான அவ்வாய்வினை இன்று எவரும் விரும்பார். ஆயின் அதனால் அறியப்பட்டது ஒன்றுண்டு. சந்தடி மிக்க தெருவுக்கு இழுத்துச் செல்லப்பட்ட நாய் ஈற்றில் அசையாது நின்றால், ‘பழகிவிட்டது’ என்று மகிழ்கின்றோம். அது பழகியதாக அன்றி, முயற்சியைக் கைவிட்டதாகவும் இருக்கலாம். அடங்கியிருத்தலும் அஞ்சாதிருத்தலும் வெவ்வேறானவை.

இவ்வறிவைக் கண்டியின் தெருக்களுக்கு எவ்வாறு பொருத்துவது? முதலிற் கயிற்றின் பொருளை மாற்றுதல் வேண்டும். சில நாட்கள் வீட்டுக்குள்ளேயே பட்டியை அணிவித்து உணவளித்தல் நன்று. கழுத்தை இறுக்கும் சுருக்குக்குப் பதிலாக மார்பைச் சுற்றி அணியும் பட்டி ஏற்றது. நாய் திடுக்கிட்டுப் பின்வாங்கும்போது கழுத்து நெரிபடுவதையும், பட்டி நழுவி அது வீதியில் ஓடுவதையும் அது பெரிதும் தடுக்கும். அடுத்து முற்றம், அதன்பின் படலை. படலையருகே சிறிது நேரம் நின்று, வீதியைப் பார்த்துவிட்டுத் திரும்புவதே முதல் நாட்களின் உலாவாக அமையலாம்.

நேரமும் இடமும் அறிந்து தெரிதல் வேண்டும். கண்டியின் இறுதி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807 இல் அமைத்த வாவியின் கரையிலும், முகில் வடிவிலமைந்த அதன் மதிலோரத்திலும் விடியற்காலையில் இருக்கும் அமைதி, பாடசாலை வாகனங்கள் நிறையும் வேளையில் இராது. தலதா வீதியின் நெரிசல் இறுதிப் படியாக இருக்கவேண்டியது. அதனை முதற் படியாக்குவோரே மிகுதி. பேராதனையில் வாழ்வோர்க்கு விடுமுறைக் காலத்து வளாகப் பாதைகள் நல்ல தொடக்கமாகும்.

தொலைவை நாயிடமே கேட்டறிதல் வேண்டும். வாலை ஒடுக்குதல், காதுகளைப் பின்மடித்தல், உணவின்றியே உதட்டை நக்குதல், களைப்பின்றிக் கொட்டாவி விடுதல் ஆகியன அச்சத்தின் மொழி. விரும்பிய கருவாட்டுத் துண்டையும் அது மறுத்தால், நாம் மிக அருகில் வந்துவிட்டோம் என்பது பொருள். அப்போது அதட்டாமலும் இழுக்காமலும் விலகிச் செல்லவேண்டும். முச்சக்கர வண்டி தொலைவில் தோன்றியதும் உணவு, அது மறைந்ததும் உணவு நிறுத்தம் என்னும் ஒழுங்கு மாறலாகாது. உணவு முந்தி வண்டி பிந்தினால், உணவே ஆபத்தின் முன்னறிவிப்பாகிவிடும். அஞ்சும் நாயைத் தேற்றினால் அச்சம் வளரும் என்று பலர் நம்புவர். அச்சம் ஓர் உணர்ச்சி. பரிசுக்காகச் செய்யப்படும் செயலன்று. எனவே அமைதியான குரலும் அருகே நிற்றலும் தீங்கு செய்யா. பாவ்லோவின் நாய்களும் அதனையே உணர்த்தின. இவற்றாலும் தணியாத அச்சமுள்ள நாய்க்கு மிருக வைத்தியரின் உதவி வேண்டும். நாட்டின் மிருக வைத்திய பீடம் நமது பேராதனையிலேயே அமைந்துள்ளது.

கண்டிக்கே உரிய இடர் ஒன்றையும் கூறவேண்டும். எசலப் பெரஹராவின் வேட்டொலி, சாட்டைகளின் வெடிப்பு, முரசங்களின் முழக்கம், தீப்பந்தங்கள் ஆகியன மனிதர்க்கு விழா. நாய்க்கோ காரணம் விளங்காப் பேரிடி. பல மாதங்களாக வளர்ந்த துணிவை ஓரிரவு அழித்துவிடக்கூடும். அந்நாட்களில் உலாவைப் பகலின் அமைதியான வேளைக்கு மாற்றி, இரவில் நாயை உள்ளறையில் துணையோடு வைத்தலே அறிவுடைமை. சித்திரைப் புத்தாண்டுக்கும் தீபாவளிக்கும் இது பொருந்தும்.

அன்றாட உணவுக்கே உழைக்கும் குடும்பங்களுக்கு இதற்கெல்லாம் ஓய்வேது என்ற வினா எழுதல் நியாயமே. முழுமையாகச் செய்தல் பலர்க்கு இயலாது. ஆயின் இவற்றுள் முதன்மையானவை செலவற்றவை: குட்டிப் பருவத்தில் அன்போடு கையாளுதல், கல்லெறியாதிருத்தல், இழுக்காதிருத்தல், விலகிச் செல்ல இடங்கொடுத்தல். இவற்றின் பயனும் அக்குடும்பங்களுக்கே முதலிற் கிடைக்கும். விசர்நோயை ஒழிக்க நாய்களுள் நூற்றுக்கு எழுபதுக்காவது தடுப்பூசி ஏற்றப்படவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கொள்கை. தடுப்பூசி நிலையத்துக்கு நாய் பெரும்பாலும் கயிற்றில் நடந்தே வருதல் வேண்டும். கயிற்றைக் கண்டு ஓடும் நாய், வீதியிற் படுத்துவிடும் நாய், பிடிப்பவனைக் கடிக்கும் நாய் ஆகியன வீட்டிலேயே விடப்படுகின்றன. காப்பு மிகவும் தேவையான நாயே காப்பின்றி நிற்கின்றது. அதனோடு விளையாடும் பிள்ளையும் காப்பின்றி நிற்கின்றது. இலங்கையில் மனித மரணங்கள் 1973 இல் 377 ஆக இருந்து 2010 இல் ஐம்பதளவாகக் குறைந்தமைக்குத் தடுப்பூசி பெருங் காரணமாகும். எஞ்சியுள்ள தொலைவைக் கடக்க, நாய்கள் அஞ்சாமல் நம்மோடு நடந்துவர வேண்டும்.

மனிதனின் அச்சத்தைத் தணிக்க நாயைக் கொல்லும் வழி ஒரு நூற்றாண்டுக்கு மேல் பின்பற்றப்பட்டது. நாயின் அச்சத்தைத் தணிப்பதன் மூலம் இருவரையும் காக்கும் வழி இப்போதுதான் தொடங்கியுள்ளது. அது சட்டத்தால் மாத்திரம் நிறைவேறுவதன்று. படலையருகே ஒரு கையில் தளர்ந்த கயிறும் மறு கையிற் சிறிது உணவும் ஏந்தி, நாய் தானாக அடியெடுத்து வைக்கும்வரை காத்து நிற்கும் பொறுமை வேண்டும். அப்பொறுமை மிகுமாயின், நாயைக் கண்டால் ஊர் அண்மையில் உண்டு என்ற பழைய நம்பிக்கை நம் தெருக்களில் மீண்டும் பொருளுடையதாகும்.